நண்டைத் திருப்பிப் பாருங்கள்: வயிற்று மடலை வைத்துச் சினையைக் கண்டுகொள்ளும் முறை

நண்டு கையில் வந்ததும் முதலில் அதை மல்லாத்துங்கள். முதுகைப் பார்த்தால் அளவு தெரியும், விலை தெரியும், அவ்வளவுதான். ஆணா பெண்ணா, வயதுக்கு வந்துவிட்டதா, முட்டை சுமக்கிறதா, அந்த முட்டை இன்று ராத்திரி பொரியுமா இன்னும் ஒரு வாரம் கிடக்குமா என்பதெல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எந்த நண்டைக் கூடையில் போடலாம், எதைக் கடலுக்கே திருப்ப வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நான் ராமநாதபுரத்தில் விலங்கியல் படித்தவள். கல்யாணம் ஆகி வந்தது தேவிபட்டினத்துக்கு வடக்கே, பாக் விரிகுடா ஓரத்தில் நண்டு வலை போடுகிற ஒரு வீட்டுக்கு. விடிகாலையில் வத்தை என்கிற எங்கள் நாட்டுப்படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டு எடுப்பேன், அப்புறம் நண்டு கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முட்டையின் நிறத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கறுத்துப் போச்சு, இனி தாங்காதுத்தா, கடல்ல விடு" என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் கருவளர்ச்சி என்று நான் படம் வரைந்து மனப்பாடம் செய்ததை, அவர் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். வலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கும் சந்தையில் நண்டு வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பார்வை வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பள்ளியில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது.

இங்கே சொல்வது முக்கியமாக நீலக்கால் நண்டைப் பற்றி. எங்கள் கரையில் நண்டு வலையில் அதிகம் விழுவது அதுதான். மூன்று புள்ளி நண்டு, சிலுவை நண்டு, காரங்காடு பக்கம் அலையாத்திச் சேற்றில் கிடைக்கிற பெரிய சேற்று நண்டு எல்லாவற்றுக்கும் மடல் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். அளவும் நாள் கணக்கும் மாறும்.

பிடிப்பது

பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோங்கள். கடைசிக் கால் இரண்டும் தட்டையாக, நீந்துவதற்கென்று இருக்கும்; அதைத் துடுப்புக்கால் என்போம். அந்தக் கால்கள் உடம்போடு சேரும் இடத்தில், பெருவிரல் அடியிலும் மற்ற விரல்கள் ஓட்டின் மேலும் இருக்கும்படி பிடித்தால் கொடுக்கு எட்டாது. ஓட்டின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள் மட்டும் கையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. நண்டு அந்தக் காலைத் தானே கழற்றிவிட்டு விழுந்துவிடும். காலின் அடியில் அதற்கென்றே ஒரு முறியும் இடம் உண்டு, அங்கே முறிந்தால் ரத்தம் அதிகம் போகாது. பிறகு ஓடு கழற்றும்போது புதுக்கால் வளரும். வளரும்தான், ஆனால் சும்மா வளராது, நண்டின் சத்து அதற்குச் செலவாகிறது.

மடலைப் பார்ப்பது

மல்லாத்தியதும் வெள்ளையான நெஞ்சுத் தகட்டின் நடுவில், பின்னாலிருந்து முன்னோக்கி மடிந்து கிடக்கிற ஒரு பகுதி தெரியும். அதுதான் மடல். சொல்லப்போனால் அது நண்டின் வயிறு. இறாலுக்கு நாம் உரித்துத் தின்கிற சதைப் பகுதி எதுவோ, அதே உடற்பகுதிதான் நண்டில் மெலிந்து, தட்டையாகி, உடம்புக்கு அடியில் மடிந்துவிட்டது.

ஆணின் மடல் அடியில் அகலமாக இருந்து சட்டென்று ஒடுங்கி, நுனிவரை ஒல்லியாகப் போகும். ஆங்கில T எழுத்தைத் தலைகீழாக வைத்த வடிவம். வயதுக்கு வராத பெண்ணுக்கு அது முக்கோணமாக, நெஞ்சோடு இறுக ஒட்டியிருக்கும். நகத்தால் கிளப்பினாலும் லேசில் வராது. வயதுக்கு வந்த பெண்ணின் மடல் அரைவட்டமாக அகன்று, நெஞ்சுத் தகட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும். ஓரமெல்லாம் மயிர். விரலால் நெம்பினால் தளர்ந்து திறக்கும்.

இந்த முக்கோணம் கொஞ்சம் கொஞ்சமாக அரைவட்டமாகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நண்டு ஓட்டைக் கழற்றித்தான் வளரும். பருவம் வருகிற அந்த ஒரு கழற்றலில், உள்ளே போனது முக்கோணமாகவும் வெளியே வந்தது அரைவட்டமாகவும் இருக்கும். நம் கடலில் பெண் நீலக்கால் நண்டு பொதுவாக 9, 10 சென்டிமீட்டர் ஓட்டு அகலத்தில் இந்த நிலைக்கு வரும். அகலம் அளக்கும்போது ஒரு பக்க முள் நுனியிலிருந்து மறுபக்க முள் நுனிவரை அளக்க வேண்டும்.

நிறத்தை வைத்தும் பால் சொல்லலாம். வளர்ந்த ஆண் பளிச்சென்ற நீலக் காலும் வெள்ளைத் திட்டுமாக இருக்கும். பெண் பச்சை கலந்த மண் நிறம். ஆனால் சின்ன ஆண்களும் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால் நிறத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். மடல்தான் சாட்சி.

மடலைத் திறந்து உள்ளேயும் பாருங்கள். ஆணுக்கு அங்கே இரண்டு ஜோடி ஒல்லியான உறுப்புகள் இருக்கும். முதல் ஜோடி நீளமானது, உள்ளே குழாய் ஓடும். இரண்டாவது ஜோடி குட்டையானது, முதல் ஜோடியின் குழாய்க்குள் நுழைந்து விந்தை முன்னால் தள்ளிக் கொடுக்கும். பெண்ணுக்கு நான்கு ஜோடி, ஒவ்வொன்றும் இரண்டு கிளையாக, மயிர் அடர்ந்து இருக்கும். அந்த மயிரில்தான் பின்னால் முட்டை தொங்கப்போகிறது. நெஞ்சுத் தகட்டில் இடமும் வலமுமாக இரண்டு சின்னத் துளைகள் உண்டு. நல்ல வெளிச்சத்தில் கைலென்ஸ் வைத்தால் தெரியும். விந்து உள்ளே போவதும் முட்டை வெளியே வருவதும் அந்த வழியாகத்தான்.

ஜோடியாக வந்தால்

சில நாள் வலையில் ஒரு பெரிய ஆணும் அதன் வயிற்றுக்கடியில் ஒரு பெண்ணுமாகச் சேர்ந்தே ஏறும். சண்டை போடுகின்றன என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். சண்டை கிடையாது. பெண் ஓடு கழற்றப் போகிறது என்பதை ஆண் நீரில் கரைந்து வரும் வாசனையால் அறிந்து, முன்கூட்டியே சில நாள் அதைக் கால்களால் அணைத்துத் தூக்கிக்கொண்டே திரியும். கடினமான ஓட்டோடு இருக்கும் பெண்ணோடு இது இணை சேராது. பெண் ஓட்டைக் கழற்றி உடம்பெல்லாம் மெத்தென்று ஆன பிறகுதான் இணை சேர்க்கை. அது மணிக்கணக்கில் நீளும். முடிந்த பிறகும் பெண்ணின் புது ஓடு கொஞ்சம் இறுகும்வரை ஆண் அதைவிட்டுப் போகாது. மெத்தென்ற உடம்போடு தனியாகக் கிடந்தால் எந்த மீனும் அதைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் காவல் பெண்ணுக்கு உயிர்க்காவல்.

ஜோடியில் பெண்ணின் மடல் இன்னும் முக்கோணமாக இருந்தால், அதுதான் அதன் முதல் இணைசேர்க்கையாக இருக்கப்போகிறது. அந்த ஜோடியை அப்படியே கடலில் விட்டால் எவ்வளவோ நல்லது. விலை போகிற பெரிய ஆணை விட மனசு வராது என்பது எனக்கும் தெரியும். நான் விடச் சொல்கிறேன்.

இதில் இரண்டு விஷயம் எனக்கு இப்போதும் அதிசயமாகத்தான் இருக்கிறது. ஒன்று, நண்டின் விந்தணுவுக்கு வால் கிடையாது. நமக்கோ மீனுக்கோ இருப்பதுபோல அது நீந்திப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டித்தான் ஆண் அதைக் கொடுக்கிறது. இரண்டாவது, பெண் அதை உடனே பயன்படுத்துவதில்லை. உள்ளே இருக்கும் விந்துப் பையில் மாதக்கணக்கில் உயிரோடு வைத்துக்கொள்ளும். ஒருமுறை இணை சேர்ந்ததை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முட்டை வைக்கும். அதனால் ஆண் பக்கத்தில் இல்லாத பெண்ணும் அடுத்த மாதம் சினையாக வரலாம்.

உள்சினையும் வெளிச்சினையும்

சந்தையில் எல்லாவற்றையும் "சினை நண்டு" என்றே சொல்வதால் இங்கேதான் குழப்பம் அதிகம்.

குழம்புக்கு வாங்கிய பெரிய பெண் நண்டின் ஓட்டைத் திறந்தால், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக இருப்பது சூலகம். இன்னும் வெளியே வராத முட்டைகள் அதில் இருக்கின்றன. ஆங்கில எச் எழுத்து வடிவில், இரண்டு பக்கமும் நீண்டு நடுவில் இணைந்து கிடக்கும். இளம் நண்டில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு. பிறகு வெளுத்த நிறம், மஞ்சள், கடைசியில் ஓடு நிறைய ஆரஞ்சு. அதற்கு அடியில் கொழகொழவென்று மஞ்சளும் பச்சையுமாக இருப்பது செரிமானச் சுரப்பி. அது ஆணுக்கும் உண்டு, அதைச் சினை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஆணைத் திறந்தால் பால் வெள்ளையாகச் சுருண்ட குழாய்கள் தெரியும், அவைதான் விந்துக் குழாய்கள்.

வெளிச்சினை என்பது மடலுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கிற முட்டைத் திரள். சூலகத்திலிருந்து கிளம்புகிற முட்டை விந்துப் பை வழியாக வரும்போது கருவுற்று, நெஞ்சுத் துளையால் வெளியேறி, மடலின் மயிர்களில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெண்ணுக்கு மணல் வேண்டும். மணலில் பாதி புதைந்து, மடலையும் மணலையும் வைத்து ஒரு குழி அமைத்து, அதற்குள் முட்டையை விட்டு ஒட்ட வைக்கும். மணல் இல்லாத தொட்டியில் முட்டை சரியாக ஒட்டாமல் தரையில் சிதறிப்போகும். அடித்தளத்தைச் சுரண்டிக் கலக்குகிற வலைகளைப் பற்றி நான் கவலைப்படுவதில் இதுவும் ஒரு காரணம்.

ஒரு நண்டின் மடலில் சில லட்சம் முட்டை இருக்கும். பெரிய நண்டு என்றால் பத்து லட்சத்தைத் தாண்டும்.

முட்டையின் நிறம்

இதை மட்டும் நிதானமாகப் பழகுங்கள். மற்றதெல்லாம் ஒரு காலையில் வந்துவிடும். நிறம் பிடிபடப் பல காலைகள் ஆகும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முந்திய வெளிச்சத்தில் பார்த்தால்தான்.

முட்டை வெளியே வந்த புதிதில் திரள் வெளிர் மஞ்சள், அல்லது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. முட்டை முழுக்க மஞ்சள் கருதான் நிறைந்திருக்கிறது, குஞ்சுக்கான சாப்பாடு. தொட்டால் திரள் இறுக்கமாக இருக்கும். ஒவ்வொரு முட்டையும் ரவையை விடச் சின்னது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவு.

சில நாளில் ஆரஞ்சு மங்கிப் பழுப்பாகும். சாப்பாடு குறைகிறது, உடம்பு உருவாகிறது. லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கண் புள்ளி தெரியும். அப்புறம் பழுப்பு கறுத்துச் சாம்பல் நிறமாகும், கடைசியில் கிட்டத்தட்ட கறுப்பு. அந்தக் கறுப்பு, முட்டைக்கு உள்ளே இருக்கும் குஞ்சுகளின் கண்ணும் உடம்பில் விழுந்த நிறப்புள்ளிகளும் லட்சக்கணக்கில் சேர்ந்து தெரிவதுதான். அப்போது திரள் பொலபொலவென்று தளர்ந்திருக்கும். பொரிய இன்னும் ஒன்றிரண்டு நாள், சில சமயம் சில மணி நேரம். மாமியார் "தாங்காது" என்று சொன்னது இந்தக் கறுப்பைத்தான்.

நம் கடல் சூட்டில் மஞ்சளிலிருந்து பொரிப்புவரை மொத்தம் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள். குளிர்ந்த கடலில் இதே நண்டுக்கு நாள் கூடும்.

இத்தனை நாளும் தாய் சும்மா இருப்பதில்லை. மடலை அசைத்து அசைத்து முட்டைத் திரளுக்குள் புதுத் தண்ணீர் பாய்ச்சும். காலால் கோதி, கெட்டுப்போன முட்டையையும் அழுக்கையும் எடுத்துப் போடும். நடுவில் இருக்கும் முட்டைக்கும் காற்று கிடைக்க வேண்டுமே. அதனால்தான் நண்டிலிருந்து சீவி எறிந்த முட்டை பிழைப்பதில்லை. சினை நண்டு என்றால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து, முட்டையைச் சீவிக் கரையில் எறிந்துவிட்டு வெறும் நண்டாகத் தட்டில் வைக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். நண்டுக்கு ஒரு விலைதான் கிடைக்கும். முட்டை எதற்கும் இல்லாமல் மணலில் காய்கிறது.

இறால் இப்படி இல்லை. எங்கள் வலைகளில் வருகிற பச்சைவரி இறாலும் அதன் உறவுகளும் முட்டையைச் சுமக்காது, ராத்திரியில் அப்படியே கடல் நீரில் விட்டுவிடும். அது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பொரிந்து, மூன்று ஜோடிக் காலும் ஒற்றைக் கண்ணுமாக நாப்ளியஸ் என்ற குஞ்சு வெளியே வரும். நண்டும் அதே நாப்ளியஸ் நிலையைக் கடந்துதான் வருகிறது, ஆனால் முட்டைக்கு உள்ளேயே கடந்துவிடுகிறது. தாய் சுமக்கிற அந்த ஒரு வாரத்தில் நண்டுக்குஞ்சு இறால்குஞ்சை விட எவ்வளவோ முன்னே போய்விடும்.

லென்ஸ் வைத்துப் பார்க்க

இதற்கென்று உயிருள்ள நண்டைக் கெடுக்க வேண்டாம். வலையில் செத்து வந்த சினை நண்டு எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும். கரைக்கு வந்த உடனே, வெயில் படுமுன், சின்னக் கத்தரிக்கோலால் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை முட்டையை மயிரோடு வெட்டி எடுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் கடல் நீர் ஊற்றி அதில் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், முட்டை ஊறி உப்பிக் கெட்டுவிடும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். கைபேசிக் கேமராவின் மேல் மாட்டுகிற சின்ன லென்ஸ் இருந்தால் படமும் எடுக்கலாம். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இன்னும் தெளிவு. மேலே மூடுகண்ணாடி போட்டு நசுக்காமல், குழி உள்ள கண்ணாடித் தகட்டில் வையுங்கள்.

மஞ்சள் முட்டையில் உள்ளே ஒரே சீரான மணிமணியான மஞ்சள் கரு தெரியும். ஆரஞ்சு முட்டையில் ஒரு ஓரத்தில் மட்டும் பிறை அளவு இடம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். கரு அங்கேதான் உருவாகிறது. நாளாக நாளாக அந்தத் தெளிந்த இடம் பெருகும், மஞ்சள் சுருங்கும். பழுப்பு முட்டையில் கண்கள் முதலில் மெல்லிய கோடாக வந்து அப்புறம் தடித்து உருளும். கருவின் முதுகுப் பக்கத்தில் ஏதோ துடிக்கிறதே என்று தோன்றினால் அது இதயம்தான். தாய் செத்துக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தால் முட்டைக்குள் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். நான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்போதும் இந்த நிலையைத்தான். கறுப்பு முட்டையில் குஞ்சு சுருண்டு மடங்கி இடமில்லாமல் கிடக்கும், அவ்வப்போது திடீரென்று ஒரு துள்ளல் தெரியும்.

பொரிவதைப் பார்க்க

கறுத்த முட்டையோடு உயிரான நண்டு கிடைத்தால், ஒரே ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாம். கடல் நீரை வேட்டித் துணியில் வடிகட்டி 20 லிட்டர் வாளியில் முக்கால் பாகம் நிரப்புங்கள். மீன்தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரை மெதுவாக ஓட விடுங்கள். தீனி போடாதீர்கள், தண்ணீர் கெட்டுவிடும். வாளியை நிழலில் வைத்துத் துணியால் மூடுங்கள். பொரிப்பது பெரும்பாலும் இருட்டில், விடிவதற்கு முன்னால் நடக்கும்.

காலையில் மடல் காலியாக, தண்ணீர் முழுக்கத் தூசி மிதப்பதாகத் தெரிந்தால் பொரிந்துவிட்டது. தாயை வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, இருட்டிலேயே ஒரு பக்கமாக டார்ச் அடியுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அந்தப் பக்கம் கூடும். அப்படிக் கூடின இடத்தில் ஒரு கரண்டி மொண்டு தட்டில் ஊற்றி லென்ஸில் பாருங்கள். நண்டு என்று சொல்லவே முடியாது. பெரிய இரண்டு கண், முதுகில் மேல்நோக்கி ஒரு நீள முள், முகத்தில் கீழ்நோக்கி இன்னொரு முள், பின்னால் வால். இதற்குப் பெயர் சோயியா. மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான்.

பார்த்து முடித்ததும் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து அன்று காலையிலேயே கடலில் விட்டுவிடுங்கள். குஞ்சுகளுக்கு உடனே மிக நுண்ணிய உயிர் இரை வேண்டும்; வீட்டில் கொடுக்க முடியாது. வளர்த்துப் பார்ப்பது பொரிப்பகத்து வேலை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இந்த நண்டை முட்டையிலிருந்து வளர்த்து ஒவ்வொரு நிலையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிலையத்தின் தலைமையிடமே மண்டபம் கேம்ப்தான்.

அப்படிப் பார்த்துத் தெரிந்த கணக்கு இது: சோயியா நான்கு நிலை, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓடு கழற்றல், சேர்ந்து சுமார் இரண்டு வாரம். அப்புறம் மெகலோப்பா என்ற நிலை, கொடுக்கு முளைத்திருக்கும், ஆனால் வால் இன்னும் மடியாமல் நீண்டிருக்கும். அதில் சில நாள். அதுவும் ஓடு கழற்றினால் வால் அடியில் மடிந்து, முதல் முறையாக நண்டு வடிவம். நீங்கள் திருப்பிப் பார்த்த மடல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் குட்டி நண்டுகள் கரையோரக் கடல்புல்லுக்குள் ஒளிந்து வளரும். வயதுக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம்.

இந்தப் பார்வையெல்லாம் நம் வலையில், நம் கரையில் போதும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே இறங்கி எதையும் எடுக்கக்கூடாது.

முட்டை மாதிரி இருந்து ஏமாற்றுவது

சில நண்டின் மடலுக்கடியில் மஞ்சளோ பழுப்போ ஆன ஒரு பை புடைத்திருக்கும். விரலால் தடவுங்கள். முட்டை என்றால் மணிமணியாக உறுத்தும். வழவழவென்று ஒரே பையாக இருந்தால் அது சாக்குலினா வகை ஒட்டுண்ணி. பாறையில் ஒட்டுகிற கொட்டலசு இனத்தின் உறவுதான் இது, ஆனால் ஓடு, கால் எல்லாம் இழந்து, வேர்களை நண்டின் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொண்டு வாழ்கிறது. வெளியே தெரிகிற பை அதனுடைய இனப்பெருக்க உறுப்பு. இது பிடித்த நண்டு மலடாகிவிடும். ஆணைப் பிடித்தால் அதன் ஒல்லி மடல் அகன்று பெண்ணின் மடல் போல ஆகும். தன் முட்டையைக் கவனிப்பதுபோல அந்தப் பையையே நண்டு கோதிப் பராமரிக்கும். மடல் அகலமாக இருந்தும் உள்ளே ஆண் உறுப்பு இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். இந்த நண்டைக் கடலில் விடாதீர்கள்.

கடலில் விடும் முறை

விடுவதற்குச் சரியான இடம் கடலிலேயே, வலை இழுக்கும்போது. முட்டை தெரிந்தால் வலையைப் பிய்த்து இழுக்காதீர்கள், சிக்கிய ஓரிரு கண்ணியை அறுத்துவிடுங்கள். அறுந்த கண்ணியை மத்தியானம் உட்கார்ந்து கோத்துவிடலாம். கரைக்கு வந்துதான் எடுக்க முடியும் என்றால், வத்தையில் ஒரு வாளி கடல் நீரோ நனைத்த சாக்கோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டை காய்ந்தால் எல்லாம் வீண். சினை நண்டை மற்ற நண்டோடு ஒரே கூடையில் போட்டால் அவை முட்டையைப் பிய்த்துத் தின்னும்.

கரையிலிருந்து விடும்போது வீசி எறியாதீர்கள். படகுகள் நிற்கும் இடத்தில் டீசல் மிதக்கும், அங்கே வேண்டாம். இடுப்பளவு தண்ணீர்வரை நடந்து போய், அடியில் மணல் இருக்கும் இடமாகப் பார்த்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியைத் தளர்த்துங்கள். அதுவே போய்விடும். எல்லாவற்றையும் விட முடியாது என்கிற நாளில் கறுப்பு முட்டையை முதலில் விடுங்கள், பழுப்பை அடுத்து. பொரிக்க மிகக் குறைந்த நாளே பாக்கி இருப்பது அதற்குத்தான்.

தடைக்காலம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. நண்டு வலை போடுகிற எங்கள் நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போகும். அதோடு இந்த நண்டு வருடம் முழுக்கச் சினை வைக்கிறது. வாடைக்காற்றுக் காலத்திலும் சினை வரும், கச்சான் காற்றுக் காலத்திலும் வரும். ஆகவே தேதி பார்த்து இதைக் காப்பாற்ற முடியாது. வலையிலிருந்து எடுக்கிற கைதான் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு

வெளியே முட்டை தொங்கும் நண்டை வாங்காதீர்கள். எடையில் முட்டைக்கும் சேர்த்துக் காசு கொடுத்து, வீட்டில் அதைக் கழுவிக் கொட்டத்தான் போகிறீர்கள். மடலின் ஓரத்து மயிரில் முட்டைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் அது சீவின நண்டு. கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சீவுவது குறையும்.

சதை வேண்டும் என்றால் ஆண் நண்டைக் கேளுங்கள். அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் தண்ணீர் என்று சொல்வதுண்டு. நிலவைப் பார்ப்பதை விட நண்டை மல்லாத்தி, கொடுக்குக்குப் பக்கத்தில் நெஞ்சுத் தகட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதை கட்டியிருக்காது. கல்லாக நின்றால் வாங்கலாம்.